வருமான வரி ரீஃபண்ட் மெயில்: போலியை எப்படிக் கண்டுபிடிப்பது, யாரிடம் சொல்வது?

நீங்கள் கேட்டது இதுதான். ஓய்வு பெற்ற உங்கள் அப்பாவுக்கு வருமான வரித் துறையிலிருந்து 'உங்கள் ரீஃபண்ட் தயார்' என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. லோகோ, எழுத்து, நிறம் எல்லாம் அச்சு அசல். அவர் பட்டனை அழுத்தப் போன நேரத்தில் நீங்கள் தற்செயலாகப் பார்த்துத் தடுத்துவிட்டீர்கள். இது உண்மையா போலியா என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா, போலி என்றால் யாரிடம் சொல்வது, சொன்னால் ஏதாவது பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

போலிதான். உங்கள் ஸ்க்ரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் ரீஃபண்ட் அந்த மாதிரி வருவதே இல்லை. ரிட்டர்ன் போடும்போதே எந்த பேங்க் கணக்கில் பணம் வர வேண்டும் என்று குறித்துவிடுகிறோம், அந்தக் கணக்கைத் துறையின் இ-ஃபைலிங் போர்ட்டலில் வேலிடேட் செய்து வைத்திருக்கிறோம், பெங்களூரில் இருக்கிற மத்திய மையம் ரிட்டர்னைச் சரிபார்த்து முடித்ததும் பணம் நேராக அந்தக் கணக்கில் விழும். நடுவில் 'க்ளெய்ம் செய்ய இங்கே அழுத்தவும்' என்கிற படியே கிடையாது. கார்டு எண், பின், ஓடிபி, நெட் பேங்கிங் பாஸ்வேர்டு இதில் எதையும் மெயிலில் கேட்க மாட்டோம் என்று துறையே தன் தளத்தில் எழுதி வைத்திருக்கிறது.

நான் ஒரு கம்பெனியில் மெயில் சர்வர் பார்க்கிற வேலையில் 14 வருஷமாக இருக்கிறேன். இந்த மாதிரி மெயில்களை வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

உங்கள் ஸ்க்ரீன்ஷாட்டையே எடுத்துக்கொள்வோம். மேலே அனுப்புநர் என்ற இடத்தில் 'இன்கம் டாக்ஸ் டிபார்ட்மென்ட், கவர்ன்மென்ட் ஆஃப் இந்தியா' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. கீழே 'அன்புள்ள வரி செலுத்துபவரே'. பிறகு ஒரு தொகை, 18,740 ரூபாய். அதுவும் ரவுண்டாக 20,000 என்று போடவில்லை, கணக்குப் போட்டு எடுத்தது மாதிரி ஒரு தொகை. அதற்கடுத்து '24 மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் ரீஃபண்ட் ரத்தாகும்'. கடைசியில் பச்சைப் பட்டன்.

இதில் அப்பாவை இழுத்தது எது என்று யோசித்துப் பாருங்கள். லோகோ நம்ப வைத்தது, தொகை ஆசை காட்டியது, 24 மணி நேரம் என்பது யோசிக்க விடாமல் செய்தது. இந்த மூன்றும் எந்த நாட்டு ஃபிஷிங் மெயிலிலும் (ஆள் மாறாட்டம் செய்து விவரம் திருடுகிற மெயிலிலும்) இருக்கும், ஆசைக்குப் பதிலாகச் சில சமயம் பயம் இருக்கும், அவ்வளவுதான். 'உங்கள் கணக்கு முடக்கப்படும்', 'உங்கள் பான் செயலிழந்துவிட்டது', 'உங்கள் மெயில் பெட்டி நிறைந்துவிட்டது' என்று வருவதெல்லாம் பயத்தில் வருகிற ரகம். அவசரப்படுத்துகிற எந்த மெயிலுக்கும் அவசரப்படாமல் இருந்தாலே பாதிக் காரியம் முடிந்தது.

இப்போது அனுப்புநர் பெயர். அந்தத் தடித்த எழுத்துப் பெயரை யார் வேண்டுமானாலும் என்னவாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நான் என் மெயில் கணக்கில் 'மாவட்ட ஆட்சியர்' என்று பெயர் போட்டுக்கொண்டு உங்களுக்கு அனுப்பினால் உங்கள் போனில் மாவட்ட ஆட்சியர் என்றுதான் தெரியும். போனில் இன்னொரு தொல்லை, பெயரை மட்டும் காட்டிவிட்டு முகவரியை மறைத்து வைத்துவிடும். ஜிமெயிலில் பெயருக்குக் கீழே இருக்கிற சின்ன அம்புக்குறியைத் தொட்டால் உண்மையான முகவரி தெரியும். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் அது தெரிகிறது: ஏதோ ஒரு வெளிநாட்டு ஃபர்னிச்சர் கடையின் முகவரி. அந்தக் கடைக்காரருக்கு இதில் சம்பந்தமே இருக்காது, அவர் மெயில் கணக்கின் பாஸ்வேர்டு திருடு போயிருக்கும். வருமான வரித் துறையின் மெயில் என்றால் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிய வேண்டும்.

முகவரி சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. மெயில் என்பது போஸ்ட் கவர் மாதிரிதான், பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரியை யார் பெயரில் வேண்டுமானாலும் எழுதலாம். இதைத் தடுக்கத்தான் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சரிபார்ப்புகள் வந்தன. இந்த டொமைன் (மெயில் முகவரியில் 'அட்'டுக்குப் பின்னால் வருகிற பெயர்) பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி, மெயிலில் அந்த டொமைனின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, இரண்டும் பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று இவை பார்த்துக்கொள்ளும். மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் (கூகுள் கணக்குப்படி நாளுக்கு சுமார் 5,000-க்கு மேல்) இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்கியிருக்கின்றன. நம் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து அதே அம்புக்குறியை அழுத்தினால் 'மெயில்ட் பை', 'சைன்ட் பை' என்று இரண்டு வரிகள் தெரியும். ஆனால் இதை ஓரளவுக்குத்தான் நம்பலாம். திருடன் தானே ஒரு டொமைன் வாங்கி அதற்கு இந்த மூன்றையும் ஒழுங்காகப் போட்டுவிட்டால் சரிபார்ப்பில் பாஸ் ஆகிவிடுவான். மெயில் எந்த டொமைனிலிருந்து வந்தது என்பதை இவை உறுதி செய்யும், அந்த டொமைன் யோக்கியமானதா என்று சொல்லாது.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, மெயிலின் முகத்தைப் பார்க்காதீர்கள், பட்டன் எங்கே கூட்டிக்கொண்டு போகிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் பட்டன் மேல் மவுஸை வைத்தால் (அழுத்தாமல்) கீழ் ஓரத்தில் முகவரி தெரியும். போனில் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும், ஆனால் தெரியாமல் திறந்துவிடவும் வாய்ப்பு உண்டு, அதனால் அப்பாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

முகவரியைப் படிக்கிற முறை முக்கியம், இதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். அண்ணா நகர் நம் ஊரில் எங்கே இல்லை? சென்னையில் இருக்கிறது, மதுரையில் இருக்கிறது, சின்னச் சின்ன ஊர்களில்கூட இருக்கிறது. 'எண் 12, இரண்டாவது தெரு, அண்ணா நகர்' என்று மட்டும் சொன்னால் கூரியர்காரர் எங்கே போவார்? கடைசியில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர்தான் எந்த அண்ணா நகர் என்று சொல்லும். இணைய முகவரியும் அப்படித்தான். ஆரம்பத்தில் வருகிற இரண்டு சாய்கோடுகளை விட்டுவிடுங்கள், அதற்கப்புறம் வருகிற முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள், அங்கிருந்து இடது பக்கமாகத் திரும்பிப் படியுங்கள். அந்த இடத்தில்தான் ஊர்ப் பெயர் இருக்கிறது. 'இபோர்ட்டல் டாட் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்பதைப் பின்னாலிருந்து படித்தால் முதலில் 'கவ் டாட் இன்', அதற்கு முன்னால் 'இன்கம்டாக்ஸ்'. சரியான ஊர். உங்கள் மெயிலில் இருந்த லிங்க் 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்றே ஆரம்பிக்கிறது, அப்பா அதைப் பார்த்துத்தான் நம்பியிருப்பார், ஆனால் அது அங்கே முடியவில்லை. இன்னொரு டாட், ஒரு ஹைஃபன், ஏதோ ஒரு சொல், கடைசியில் 'டாட் டாப்' என்று போய் முடிகிறது. 'டாட் டாப்' பெயரை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம். வாங்கிய பிறகு அதற்கு முன்னால் வருமான வரி, பாரத ஸ்டேட் வங்கி, பிரதமர் அலுவலகம் என்று எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். 'கவ் டாட் இன்' அப்படியில்லை, அது அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும், தேசிய தகவல் மையம்தான் கொடுக்கிறது.

எழுத்து மாறாட்டம் இன்னொரு வகை. ஆங்கில ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் மாதிரி தெரியும். ஓ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருக்கும். ரஷ்ய எழுத்தில் இருக்கிற 'அ' ஆங்கில ஏ போலவே இருக்கும், கண்ணால் பிரிக்கவே முடியாது. இதை மனிதக் கண் பிடிக்காது, ஆனால் பாஸ்வேர்டு மேனேஜர் பிடிக்கும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருக்கிற இரண்டு அடையாளங்களை விட்டுவிடலாம். ஒன்று, பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் வருகிற பூட்டுப் படம். அது உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகிறதை வேறு யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது. தளம் திருடனுடையது என்றால் திருடனோடு பத்திரமாகப் பேசுகிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023-இல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. இன்னொன்று, எழுத்துப் பிழை. முன்பு போலி மெயில் என்றால் ஆங்கிலம் தப்பும் தவறுமாக இருக்கும், இப்போது ஏஐ எழுதிக் கொடுக்கிறது, தமிழிலேயே சுத்தமாக வருகிறது. பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள், சரி, ஆனால் பிழை இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. துறையிலிருந்து உண்மையான மெயிலும் வரும். ரிட்டர்னைச் சரிபார்த்ததும் 143(1) பிரிவின் கீழ் ஒரு இன்டிமேஷன் (கணக்கு முடிவு அறிவிப்பு) பிடிஎஃப்பாக வரும், பாஸ்வேர்டு போட்டுத் திறக்க வேண்டும், பான் எண்ணைச் சின்ன எழுத்தில் தட்டி அதோடு பிறந்த தேதியைச் சேர்த்தால் திறக்கும். 'அட்டாச்மென்ட் இருந்தால் போலி' என்று பயந்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்து அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் துறை அனுப்புகிற கடிதங்களுக்கு டிஐஎன் என்று ஒரு ஆவண அடையாள எண் உண்டு, 2019 அக்டோபர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இ-ஃபைலிங் போர்ட்டலின் முகப்பிலேயே நோட்டீஸைச் சரிபார்க்க ஒரு வசதி இருக்கிறது, லாகின்கூட வேண்டாம், அந்த எண்ணைக் கொடுத்தால் துறை அனுப்பியதா இல்லையா என்று சொல்லிவிடும்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது இதுதான்: மெயில் காட்டுகிற வாசல் வழியாகப் போகாதீர்கள், உங்கள் வாசல் வழியாகப் போங்கள். மெயிலை மூடுங்கள், பிரவுசரில் முகவரியை நீங்களே தட்டுங்கள், அல்லது முன்பே சேமித்து வைத்த புக்மார்க்கைத் தொடுங்கள். கூகுளில் தேடிப் போவதைவிட இது நல்லது, தேடல் முடிவில் விளம்பரமாகவும் போலித் தளங்கள் வந்திருக்கின்றன. மெயிலில் சொன்னது உண்மையாக இருந்தால் உள்ளே போனதும் அங்கே தெரியும்.

இதைச் செய்யாததால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு சம்பவம் இருக்கிறது. 2016 மார்ச் 19 அன்று, ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரச்சாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு கூகுள் அனுப்பியது போல ஒரு மெயில் வந்தது. உங்கள் பாஸ்வேர்டு யாருக்கோ தெரிந்துவிட்டது, உடனே மாற்றுங்கள் என்று ஒரு பட்டன். அவர் அலுவலகத்தில் சந்தேகப்பட்டு கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த ஒருவரிடம் கேட்டார்கள். நல்ல காரியம்தான். அவர் 'இது உண்மையான மெயில், பாஸ்வேர்டை உடனே மாற்ற வேண்டும்' என்று பதில் எழுதினார். போலி என்று எழுத நினைத்து உண்மை என்று தட்டிவிட்டதாகப் பிறகு சொன்னார். எனக்கு மனதில் தைத்த விஷயம் அதில்லை. அந்தப் பதிலிலேயே பாஸ்வேர்டு மாற்றுவதற்கு கூகுளின் சரியான லிங்க்கையும் அவர் கொடுத்திருந்தார். அதன் வழியாகப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் முதல் மெயிலில் இருந்த பட்டன் அழுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கான மெயில்கள் போயின, அந்த அக்டோபரில் அவை விக்கிலீக்ஸில் வெளிவரத் தொடங்கின. மெயிலைப் பற்றிய தீர்ப்பு தப்பாகவே இருந்தும், வாசல் சரியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள்.

பேங்க் விஷயத்தில் இப்போது ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது, பலருக்கு இன்னும் தெரியவில்லை. இந்திய வங்கிகள் எல்லாம் தங்கள் இணையதளத்தை 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அந்தப் பெயர் வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் கிடைக்காது. பாரத ஸ்டேட் வங்கி இப்போது 'எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்'. அப்பாவிடம் அவர் பேங்க்கின் புதிய முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதைத் தவிர வேறு எங்கும் லாகின் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். டாட் இருக்கிற இடத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள், 'பேங்க்-இன்' என்று ஹைஃபன் போட்டும் போலிகள் வரலாம்.

பாஸ்வேர்டு மேனேஜர் பற்றிச் சொல்கிறேன் என்றேன். குரோமிலேயே இருக்கிறதும் போதும். ஒரு தளத்தில் சேமித்த பாஸ்வேர்டை அதே முகவரியில் மட்டும்தான் அது தானாக நிரப்பும். எத்தனை அச்சு அசலாக இருந்தாலும் போலித் தளத்தில் நிரப்பாமல் நிற்கும். எப்போதும் தானாக நிரப்புவது இன்று நிரப்பவில்லையே என்றால் கையால் தட்டாதீர்கள், முகவரியைப் பாருங்கள். பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் கைரேகை, பின் போன்றவற்றால் உள்ளே போகிற முறை) இதே காரணத்தால்தான் நல்லது. ஓடிபி அப்படிப் பாதுகாக்காது, நீங்கள் போலித் தளத்தில் தட்டுகிற ஓடிபியை அவன் அதே நிமிஷம் உண்மைத் தளத்தில் தட்டிவிடுவான்.

சரி, புகார். முதலில் மெயிலை அழிக்காதீர்கள், பதில் எழுதாதீர்கள், அதில் இருக்கிற 'அன்சப்ஸ்கிரைப்' லிங்க்கையும் தொடாதீர்கள். நல்ல எண்ணத்தில் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் 'இதைத் தொடாதீர்கள்' என்று அப்படியே ஃபார்வர்டு செய்வார்கள், அதில் லிங்க் உயிரோடு இருக்கும், யாராவது ஒரு சித்தி தொடுவார். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போடுங்கள்.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலுக்கு மேலே இருக்கிற பட்டையில் மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ஃபார்வர்டு ஆஸ் அட்டாச்மென்ட்' என்று இருக்கும். அதை வைத்துத்தான் அனுப்ப வேண்டும். சாதாரண ஃபார்வர்டில் மெயில் எந்த சர்வரிலிருந்து எந்த வழியாக வந்தது என்கிற ஹெடர் விவரம் போய்விடும், விசாரிக்கிறவர்களுக்கு அதுதான் தேவை. அனுப்ப வேண்டிய இடம், வருமான வரி பெயரில் வந்ததென்றால் 'வெப்மேனேஜர் அட் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்'. அதன் நகல் 'இன்சிடென்ட் அட் செர்ட் ஹைஃபன் இன் டாட் ஆர்க் டாட் இன்' என்கிற முகவரிக்கு. இரண்டாவது, இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன். 2004-லிருந்து இயங்குகிறது, போலித் தளங்களை முடக்கச் சொல்லி உரியவர்களிடம் எடுத்துப் போவது அவர்கள் வேலைகளில் ஒன்று. பேங்க் பெயரில் வந்திருந்தால் அந்த பேங்க்குக்கும் அனுப்புங்கள், புகார் முகவரி அவர்கள் தளத்தில் இருக்கும்.

அனுப்பிவிட்டு, மெயிலின் வலது மூலையில் இருக்கிற மூன்று புள்ளிகளில் 'ரிப்போர்ட் ஃபிஷிங்' என்பதை அழுத்துங்கள். 'ஸ்பேம்' வேறு, 'ஃபிஷிங்' வேறு. விளம்பரத் தொல்லைக்கு ஸ்பேம், திருட்டுக்கு ஃபிஷிங். அப்புறம் கூகுளின் சேஃப் பிரவுசிங் (ஆபத்தான தளங்களின் பட்டியல்) பக்கத்தில் அந்தத் தளத்தின் முகவரியைக் காப்பி செய்து போடுங்கள் (காப்பி மட்டும், திறக்க வேண்டாம்). நீங்கள் பயன் உண்டா என்று கேட்டீர்களே, இங்கேதான் கண்ணால் பார்க்கலாம். ஒரு முகவரி அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் அதைத் திறக்கிறவர்களுக்குச் சிவப்புப் பக்கம் எச்சரிக்கை வரும். எங்கள் ஆபீஸுக்கு வந்த ஒரு போலி லாகின் பக்கத்தைக் காலை பத்தரை மணிவாக்கில் இப்படிக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு வந்து பார்த்தபோது சிவப்புப் பக்கம் வந்துவிட்டது. அதே மெயில் அன்று எத்தனை பேருக்குப் போயிருக்கும்? சாயங்காலம் திறந்து பார்க்கிறவர் நமக்குத் தெரியாத யாரோ ஒருவரின் அப்பா. எப்போதும் இவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போலித் தளத்தின் ஆயுளே கொஞ்சம்தான், மெயில் போன முதல் சில மணி நேரத்தில்தான் அறுவடை, அதில் ஒரு மணி நேரத்தை நாம் பிடுங்கினாலும் அவனுக்கு நஷ்டம்.

உள்துறை அமைச்சகத்தின் 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்திலும் பணம் போகாதவர்கள்கூட சந்தேகப்படுகிற தளம், மெயில் முகவரி, போன் எண் ஆகியவற்றைப் பதிவு செய்யலாம், ஏற்கெனவே புகார் வந்த எண்ணா என்று தேடியும் பார்க்கலாம். இதே மோசடி மெயிலாக இல்லாமல் எஸ்எம்எஸ்ஸாகவோ வாட்ஸ்அப்பாகவோ வந்தால், புகார் சொல்லத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதி இருக்கிறது.

அப்பா பட்டனை அழுத்தியிருந்தால்? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படிக்கிற மற்றவர்களுக்காக. பக்கத்தைத் திறந்து பார்த்து எதையும் தட்டாமல் மூடிவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஏதாவது ஃபைலோ ஆப்போ இறங்கியிருந்தால் அதைத் திறக்காமல் அழியுங்கள். பாஸ்வேர்டு தட்டியிருந்தால் உடனே வேறு ஒரு கருவியிலிருந்து மாற்றுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள், மெயில் செட்டிங்ஸில் போய் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டிலும் உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கார்டு விவரமோ ஓடிபியோ கொடுத்துப் பணம் போயிருந்தால் ஒரே எண், 1930. இரவு பகல் எப்போதும் இயங்கும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து நாலைந்துக்கு என்று நிமிஷக் கணக்கில் பிரிந்துகொண்டே போகும். 2021-இல் வந்த இந்த ஏற்பாட்டில் புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த பேங்க்குக்கு உடனே தகவல் போகும், அந்தக் கணக்கில் பணம் மிச்சம் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள், கடந்து போயிருந்தால் அடுத்த பேங்க்குக்குத் தகவல் போகும். முழுக்க இது ஓட்டப்பந்தயம்தான். போன் செய்யும்போது பரிவர்த்தனை எண், தேதி, தொகை கையில் இருக்கட்டும். பிறகு இணையத்தில் முழுப் புகாரையும் பதிந்துவிடுங்கள். கையோடு பேங்க்குக்கும் சொல்லி கார்டை பிளாக் செய்து, புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, நீங்களே விவரத்தைக் கொடுத்து ஏமாந்திருந்தால் பேங்க்குக்குச் சொல்கிற நிமிஷம் வரை போன பணம் உங்கள் பொறுப்பு, சொன்ன பிறகு போகிற பணம் பேங்க்கின் பொறுப்பு. உங்கள் தவறும் பேங்க்கின் தவறும் இல்லாமல் நடுவில் எங்கோ கசிந்து போயிருந்தால், 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் சொல்கிற நேரம்தான் பணம்.

சொல்லாமல் போனதால் நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா. வேலையில் அப்படி ஒரு சுத்தம், ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'மெயில் பெட்டி நிறைந்துவிட்டது' என்று வந்த லிங்க்கில் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டார். கொடுத்த நிமிஷமே ஏதோ தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எங்களிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு தப்பு என்று சொல்லக் கூச்சம், திட்டுவார்களோ என்று பயம். உள்ளே வந்தவன் ஒரு ஃபில்டர் போட்டு, ஒரு குறிப்பிட்ட கஸ்டமரிடமிருந்து வருகிற மெயில் எல்லாம் அவர் கண்ணில் படாமல் வேறு ஃபோல்டருக்குப் போகும்படி செய்துவிட்டு, அந்தக் கஸ்டமருக்கு அவர் மெயிலிலிருந்தே 'எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதினான். செவ்வாய்க்கிழமை நாலு லட்சத்துச் சொச்சம் அந்தக் கணக்குக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் எங்களுக்கு அது பத்து நிமிஷ வேலை. அந்த அக்கா என் முன்னால் உட்கார்ந்து அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. குற்றம் அவர் மேல் இல்லை, திட்டுவார்கள் என்று பயப்படும்படி ஆபீஸை வைத்திருந்த எங்கள் எல்லோர் மேலும்தான். இன்று நான் இருக்கிற இடத்தில் யார் வந்து 'அழுத்திட்டேன்' என்று சொன்னாலும் முதல் வார்த்தை 'சொன்னதுக்கு நன்றி' என்பதுதான். நிறுவனங்கள் இப்படிப்பட்ட தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவே வந்துவிட்டது, ஊழியர் சொல்லாமல் அது எப்படி நடக்கும்?

வீட்டிலும் அப்படித்தான். நீங்கள் தடுத்தபோது அப்பாவிடம் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை, பதற்றத்தில் யாரும் அப்படித்தான் பேசுவோம். ஆனால் இன்றே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையாலேயே அந்த மெயிலை அட்டாச்மென்ட்டாக அந்த இரண்டு முகவரிகளுக்கும் அனுப்பச் சொல்லுங்கள், 'ரிப்போர்ட் ஃபிஷிங்' பட்டனையும் அவரே அழுத்தட்டும். அடுத்த தடவை ஏதாவது வந்தால் அவர் மறைக்க மாட்டார், உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். அது முடிந்ததும் போர்ட்டல் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய் ரீஃபண்ட் ஸ்டேட்டஸைப் பாருங்கள். அவருக்கு உண்மையிலேயே பணம் வர வேண்டியிருந்தால் அங்கே தெரியும், பேங்க் கணக்கு வேலிடேட் ஆகாமல் நின்றுகொண்டிருந்தால் அதையும் அங்கேயே சரி செய்துவிடலாம்.